ரிம் பெண்ட் எடுக்கும் வேலை: சுத்தியலா, கேஸ் நெருப்பா, ஹைட்ராலிக் மெஷினா?

பள்ளத்தில் விழுந்து கோணிய கார் வீலை நிமிர்த்தித் தர தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். பஞ்சர் கடையில் சுத்தியலால் தட்டித் தருவார்கள். பட்டறையில் கேஸ் அடித்து நிமிர்த்துவார்கள். வீல் அலைன்மென்ட் கடைகள் சிலவற்றில் ஹைட்ராலிக் மெஷின் இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "புது வீல் போட்டுடுங்க சார்." இந்த நான்கில் எதற்கு எந்த வீலைக் கொண்டுபோகலாம் என்பதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலைக்கு முன்னும் பின்னும் டயல் கேஜ் (கோட்டத்தை மில்லிமீட்டரில் முள்ளால் காட்டும் கருவி) வைத்து அளந்து காட்டும் கடையில் கொடுங்கள். அலாய் வீலுக்கு யாராவது கேஸ் நெருப்பைப் பற்றவைத்தால் வீலைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம் என்பது ரிம் எப்படி மடங்குகிறது என்று பார்த்தால் விளங்கும்.

அடி விழுவது ஏறும்போது

பள்ளத்துக்குள் இறங்கும்போது ரிம்முக்கு ஒன்றும் ஆவதில்லை. வெளியே ஏறும் அந்தப் பக்கத்து விளிம்பில்தான் டயர் மோதுகிறது. டயரின் பக்கச்சுவர் முழுக்க நசுங்கி, ரிம்மின் உதடும் (டயரைப் பிடித்து நிற்கும் ஓர விளிம்பு) தார் விளிம்பும் டயரை நடுவில் வைத்துக் கடிக்கின்றன. அந்தக் கடியில் ரிம் மடங்கலாம், டயரின் உள் நூல்கள் அறுந்து பக்கச்சுவரில் கொப்புளம் கிளம்பலாம், இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

அப்படிக் கடிபடாமல் காப்பாற்றுவது பக்கச்சுவரின் உயரமும் உள்ளே இருக்கும் காற்றும். உயரத்தை டயர் மேல் எழுதியிருக்கும் எண்ணிலிருந்தே கணக்குப் போடலாம். 165/80 ஆர்14 டயருக்கு 132 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 என்றால் 120. பலேனோவில் வரும் 195/55 ஆர்16 என்றால் 107. அழகுக்காக 17 இஞ்சு அலாய் வாங்கி 205/45 போட்டால் 92 மில்லிதான் மிச்சம். 14 இஞ்சிலிருந்து 17 இஞ்சுக்குப் போனவர் நான்கு சென்டிமீட்டர் மெத்தையைக் கழற்றிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதே பள்ளம், அதே வேகம், ஆனால் இப்போது ரிம் தரையைத் தொடும்.

காற்று குறைந்தால் இந்த உயரம் இருந்தும் பயனில்லை. 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 25-இல் ஓடிக்கொண்டிருக்கும். டியூப்லெஸ் டயரில் வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறினால் பின் வீல்களுக்கு இன்னும் மோசம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில், ஆள் நிறைந்த வண்டிக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று தனியாகவே போட்டிருப்பார்கள். ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேகம். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 40-இல் வாங்கும் அடியைவிட 80-இல் வாங்குவது நான்கு மடங்கு. பலரும் செய்யும் தவறு, பள்ளத்தைக் கண்டதும் பிரேக்கை அமுக்கி, அமுக்கிய காலோடே உள்ளே இறங்குவது. பிரேக் பிடித்திருக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன் சஸ்பென்ஷன் ஏற்கெனவே பாதி அமுங்கிவிடுகிறது, அடியை வாங்க அதனிடம் இடமில்லை. முடிந்தவரை வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் பள்ளத்தில் இறங்கும் கணத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும்.

வேகத்தடையும் ரிம்மைக் கெடுக்கும், அது சரியாகப் போடப்படாதபோது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி பொதுப் போக்குவரத்துக்கான மேடு 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்க வேண்டும்; 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். தெருவில் நாம் பார்ப்பது பல நேரம் வரப்பு மாதிரி ஒரு முழ அகலத்தில் நிற்கிறது. அதை 25-இல் கடந்தால் பள்ளத்தின் விளிம்பில் மோதிய அடிதான்.

வீலின் எந்த இடம் மடங்கும்? பெரும்பாலும் உள்பக்க உதடு, வண்டியின் அடியிலிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிற பக்கம். ஸ்போக்குகள் வெளிமுகத்தோடு சேர்ந்திருப்பதால் அந்தப் பக்கம் மூடி போட்ட டப்பா மாதிரி விறைப்பாக இருக்கும். உள்பக்கம் திறந்த வாய், தாங்க ஒன்றுமில்லை. அதனால்தான் வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும் வீல் உள்ளே முட்டைபோலக் கோணியிருக்கும். வண்டியைச் சுற்றிவந்து "ஒண்ணும் ஆகலை" என்று கிளம்புவது இதனால்தான் ஏமாற்றும். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொன்று: நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், தண்ணீர் தேங்குவதும் ரோட்டின் ஓரம். ஆழம் தெரியாத குழியில் முதலில் இறங்குவது இடது வீல்கள். சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள்.

பெண்ட்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஸ்டீயரிங் ஆடினாலே ரிம் பெண்ட் என்று கடைக்காரர் சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். மழைக்காலத்தில் ரிம்மின் உள்குழிவில் சேறு அப்பிக் காய்ந்துவிடும். 50 கிராம் மண் ஒரே இடத்தில் ஒட்டினாலும் 80-இல் ஸ்டீயரிங் நடுங்கும். பைப் தண்ணீரைப் பீய்ச்சி உள்பக்கம் கழுவினால் தீர்ந்தது, செலவில்லை.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் என்றால் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். வளைவில் திரும்பும்போது ஏறி இறங்கும் "ஊம்" என்ற இரைச்சல் பேரிங். மெதுவாகப் போகும்போதே தடக் தடக் என்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை அடித்தால் டயரில் கொப்புளமோ, உள்ளே இருக்கும் பெல்ட் என்ற கம்பி அடுக்கில் விலகலோ இருக்கும். 80-லிருந்து 100-க்குள் மட்டும் வந்து பிறகு அடங்கும் நடுக்கம் பெரும்பாலும் பேலன்ஸ், எடையைச் சமன் செய்ய ரிம்மில் பொருத்திய ஈயத் துண்டு விழுந்திருக்கும். 40, 50-லேயே தொடங்கி வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும் ஆட்டத்துக்குத்தான் ரிம்மைச் சந்தேகப்பட வேண்டும். கையில் உணர்ந்தால் முன் வீல், இருக்கையில் உணர்ந்தால் பின் வீல்.

இன்னொரு அறிகுறி, பஞ்சரே இல்லாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்குவது. சோப்புத் தண்ணீரைக் குழைத்து ரிம்மும் டயரும் சேரும் கோட்டில் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். பெரிய குமிழி வராது. கடுகுமணி அளவில் வெள்ளை நுரை ஒரே இடத்தில் மெதுவாகச் சேர்ந்துகொண்டே வரும். அந்த இடத்துக்கு நேரே உதடு தட்டையாகியிருக்கும்.

இந்த நிலையில் பஞ்சர் கடையில் அடிக்கடி சொல்லும் யோசனை, "உள்ளே ஒரு டியூப் போட்டுடலாம்." வேண்டாம். டியூப் காற்றை நிறுத்தும், கோட்டத்தை மறைக்கும். டியூப்லெஸ் டயருக்குள் உராய்ந்து சூடாகும் டியூப் வெடித்தால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். மெதுவாக இறங்கும் காற்றைவிட இது பல மடங்கு ஆபத்து. உதட்டில் கருப்புப் பசை தடவி அடைப்பதும் பட்டறைக்குப் போகும் வரை சமாளிக்கத்தான்.

வீட்டிலேயே கோட்டம் பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி மற்ற வீல்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியில் ஏற்றிப் பாதுகாப்பாக ஸ்டாண்ட் வையுங்கள். முன் வீல் என்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் பிடித்தபடி. பின் வீல் என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டு கியரில் போட்டுவையுங்கள் (பெரும்பாலான சிறு கார்கள் முன் சக்கர இழுவைதான்). ஒரு செங்கல்லின் மேல் பேனாவை வைத்து, அதன் முனை ரிம் உதட்டுக்கு ஒரு நூல் தள்ளி இருக்கும்படி வைத்து வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரே அளவாக இருந்தால் சரி. ஒரு இடத்தில் முட்டி, எதிர்ப் பக்கம் விலகினால் கோட்டம். உள் உதட்டையும் இதே மாதிரி பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காமல், ஸ்டீயரிங்கை ஒடித்துவைத்துப் பார்க்கலாம்.

இதை மில்லிமீட்டரில் சொல்வது டயல் கேஜ். ஆட்டம் இரண்டு வகை. மேலும் கீழுமாக ஏறி இறங்குவது ஒன்று, பக்கவாட்டில் ஆடுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். எத்தனை வரை பரவாயில்லை என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் சர்வீஸ் மேனுவலில் சொல்லியிருக்கும். பழுது பார்த்த அலாய் இரண்டு திசையிலும் ஒரு மில்லிக்குள் வர வேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. நல்ல மெஷினும் பொறுமையான கையும் சேர்ந்தால் அரை மில்லிக்கும் கொண்டுவரலாம்.

நான்கு வாசல்களும்

பஞ்சர் கடைச் சுத்தியலில் தொடங்கலாம். ஸ்டீல் ரிம்முக்கு, அதாவது நம் ஆட்கள் "டிஸ்க்" என்று சொல்வதற்கு, இந்த வேலை பொருந்தும். இரும்புத் தகடு மடங்கும், திரும்ப நிமிரும், அவ்வளவு சீக்கிரம் விரியாது. டயரைக் கழற்றி, உதட்டின் கீழே சரியான வளைவுள்ள இரும்பைத் தாங்கு கொடுத்து, குளிரான நிலையிலேயே சின்னச் சின்ன அடியாகத் தட்டினால் சில நூறு ரூபாயில் முடியும். டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஓங்கி ஓர் அடி போடுவதைப் பார்க்கலாம். அது பீட் (டயரின் உள்விளிம்பு) உட்காரும் இடத்தைக் கெடுக்கும், டயரையும் வெட்டும். போல்ட் துளைகள் இருக்கும் நடுத்தட்டு வளைந்த டிஸ்க்கை நிமிர்த்த வேண்டாம். புது டிஸ்க் அலாய் அளவுக்கு விலை இல்லை, மாற்றிவிடலாம். அலாய் வீலில் சுத்தியலே வேண்டாம். வார்ப்பு அலுமினியம் அதிர்ச்சியைத் தாங்காது. நிமிர்ந்த மாதிரி தெரியும், அடியில் முடியிழை அளவுக்கு விரிசல் ஓடியிருக்கும்.

அடுத்தது கேஸ் நெருப்பு. மதிப்பெண் கொடுக்கச் சொன்னால் பூஜ்யம். இந்த முறையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேலை முடிந்த வீல் பார்க்க அருமையாக இருக்கும்.

கம்பெனி அலாய் வீல்களில் பெரும்பாலானவை ஏ356 என்ற அலுமினியம்-சிலிக்கான் கலவையில் வார்த்தவை. வார்த்தபின் அந்த வீலை 540 டிகிரிக்கு ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்து, தண்ணீரில் முக்கிச் சட்டென்று ஆற்றி, பிறகு 150, 160 டிகிரி போல இளஞ்சூட்டில் மீண்டும் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். டி6 பதம் என்று இதற்குப் பெயர். அலுமினியத்துக்குள் மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து நுண்ணிய துகள்களாக உறைந்து நிற்பதுதான் வீலின் பலம். 200 டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும், பலம் போய்விடும். ஆறினாலும் திரும்ப வராது. முழு வீலையும் மறுபடி உலையில் வைத்துப் பதம் ஏற்றினால்தான் உண்டு. அந்த வசதி எந்தத் தெருப் பட்டறையிலும் இல்லை.

இரும்பு பழுக்கக் காய்ச்சினால் சிவக்கும். கொல்லர் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். அலுமினியம் சிவக்காது. 300 டிகிரியிலும் வெள்ளிபோல்தான் இருக்கும், 500-லும் அப்படியே. 555 டிகிரி போல எட்டும்போது இந்தக் கலவை உள்ளே உருகவே தொடங்கிவிடும், அப்போதும் கண்ணுக்கு எச்சரிக்கை கிடையாது. இரும்பில் பழகிய கை, கேஸ் டார்ச்சோடு அலாய் பக்கம் வரும்போது நடப்பது இதுதான்: "நல்லா இளகிடுச்சு" என்று தோன்றும் நேரம் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. வீல் வட்டமாகத்தான் வெளியே வரும். அடுத்த பள்ளத்தில் அதே இடம் முன்பைவிடச் சின்ன அடிக்கே மடங்கும். "ஒருதடவை பெண்ட் எடுத்தா மறுபடி மறுபடி பெண்ட் ஆகும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நெருப்புதான் இருக்கிறது.

பழைய ரிம் வாங்குபவர்களும் இதைப் பார்க்க வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை மாதிரி இடங்களில் ஒற்றை அலாய் தேடும்போது வெளிமுகத்து பெயின்ட்டை நம்பாமல் வீலைக் கவிழ்த்து உள்குழிவைப் பாருங்கள். லாக்கர் (மேல்பூச்சு) ஒரு இடத்தில் மட்டும் பழுப்பேறியோ கொப்பளித்தோ இருந்தால், கரி படிந்திருந்தால், அல்லது அந்தத் துண்டுக்கு மட்டும் புதிதாக வெள்ளி ஸ்ப்ரே அடித்திருந்தால் அது நெருப்பு பார்த்த வீல். வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது ஹைட்ராலிக் மெஷின். அலாய் பெண்ட் எடுக்க நாங்கள் பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான், அதுவும் மெஷின் இருப்பதால் மட்டும் இல்லை, அதை இயக்கும் விதத்துக்காக. ரிம் அளவு, கோட்டத்தின் அளவு, ஊர் இவற்றைப் பொறுத்து ஒரு வீலுக்கு ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் வரை கேட்பார்கள்.

சரியாகச் செய்யும் இடத்தில் வேலை இப்படிப் போகும். டயர், வால்வு, பழைய ஈயம் எல்லாம் கழற்றுவார்கள். உள்குழிவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்கள். நடுத்துளையைக் கூம்பில் பொருத்தி, போல்ட் துளைகள் வழியாக மெஷினில் இறுக்குவார்கள். நடுத்துளையில் உட்காராமல் சும்மா பிடித்து முடுக்கினால் நல்ல வீலும் கோட்டமாகத்தான் காட்டும். கடையின் தரத்தை இந்த ஒரு இடத்திலேயே எடைபோடலாம். பிறகு டயல் கேஜின் காலை உள் உதட்டில் வைத்து வீலைக் கையால் மெதுவாக ஒரு சுற்று. முள் பெரும்பகுதி சுற்றுக்கு அசையாமல் நிற்கும். திடீரென்று பெண்ட் வரும் இடத்தில் இரண்டு மூன்று கட்டம் ஓடித் திரும்பும். முள் ஓடத் தொடங்கிய இடம், உச்சம், நின்ற இடம் மூன்றையும் சாக்பீஸால் குறிப்பார்கள்.

இப்போது ஜாக். ரிம்மின் வளைவுக்கு ஏற்ற தலைப்பு மாட்டிய ஹைட்ராலிக் ஜாக், உள்ளிருந்து குறித்த இடத்தைத் தள்ளும். எதிர்ப் பக்கம் தாங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் வட்டம் இன்னொரு பக்கம் கோணும். உச்சத்தில் ஒரே தள்ளாகத் தள்ளக் கூடாது. ஓரங்களில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வர வேண்டும். அழுத்தத்தை விட்டதும் அலுமினியம் சற்றுப் பின்வாங்கும், அதனால் சரியான இடத்தை ஒரு இழை தாண்டித் தள்ளி, விட்டு, அளந்து, மீண்டும் தள்ள வேண்டும். தள்ளு, விடு, அள. பொறுமையாகச் செய்தால் ஒரு வீலுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கும் இடத்தில் அளவு எடுத்திருக்க வாய்ப்பில்லை.

சில கடைகளில் இந்த மெஷினோடும் கொஞ்சம் சூடு காட்டுவார்கள். குளிர்ந்த வார்ப்பு விரிந்துவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சூடு வெப்பமானி வைத்தோ, குறித்த சூட்டில் உருகும் சாக்பீஸ் மாதிரிக் குச்சியால் கோடு போட்டோ அளந்த சூடாக இருக்க வேண்டும், 150-ஐத் தாண்டக் கூடாது. "கையில தெரியும் சார்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நிமிர்த்திய பிறகு விரிசல் சோதனை கட்டாயம். நல்ல இடத்தில் மூன்று ஸ்ப்ரே டப்பா வைத்திருப்பார்கள். சுத்தம் செய்யும் திரவம், சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி. சாயத்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசலுக்குள் போன சாயம் சிவப்புக் கோடாக மேலே கசிந்து வரும். டப்பா இல்லாத ஊரில் மண்ணெண்ணெய் தடவி நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தேய்த்துப் பார்க்கும் பழைய முறையும் வேலை செய்யும், சற்றுப் பெரிய விரிசலுக்கு.

கடையில் கூடவே "ஆர்கான் வெல்டிங் வெச்சு, லேத்ல கடைஞ்சு, பெயின்ட் போட்டு புதுசாக்கிடலாம்" என்று ஒரு தொகுப்பும் சொல்வார்கள். உதட்டின் நுனியில் கல் உரசிப் போன சில்லை அடைக்க வெல்டிங் வைப்பதில் தவறில்லை. விரிசலை வெல்டிங்கால் மூடுவது வேறு. வெல்டிங்கைச் சுற்றிய பகுதி உருகும் சூட்டைப் பார்க்கிறது, பதம் போகிறது, விரிசல் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாகத் தொடங்கும். ஸ்போக்கிலோ, போல்ட் துளையைச் சுற்றியோ, பீட் உட்காரும் தளத்தின் குறுக்கேயோ விரிசல் இருந்தால் அந்த வீலின் ஆயுள் முடிந்தது, பழைய அலுமினியமாக எடைக்குப் போடுங்கள். டயமண்ட் கட் முகத்தை (கடைந்து பளபளப்பாக்கிய வெளிமுகம்) லேத்தில் கடைவதும் ஒவ்வொரு முறையும் உலோகத்தைச் சீவுகிறது. ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதில் விலை கூடியது, ஆனாலும் விரிசல் விழுந்த வீலுக்கும், இரண்டு மூன்று இடங்களில் மடங்கிய வீலுக்கும், ஏற்கெனவே ஒருமுறை பெண்ட் எடுத்த இடமே திரும்ப மடங்கிய வீலுக்கும் அதுதான் சரியான பதில். வெளிக்கடையில் வாங்குவதென்றால் வீலின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்களைப் பழைய வீலோடு ஒப்பிடுங்கள்: விட்டம், அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் தளம் தள்ளியிருக்கும் தூரம்), போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடுத்துளை. ஸ்விஃப்டுக்கு நான்கு போல்ட், 100 மில்லி வட்டம், 54.1 மில்லி நடுத்துளை. கிரெட்டாவுக்கு ஐந்து போல்ட், 114.3, நடுத்துளை 67.1. எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று வெளிச்சந்தை அலாய்களில் நடுத்துளையைப் பெரிதாகவே விட்டிருப்பார்கள். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் வீல் நடுவில் உட்காராமல் புது வீலே ஆடும். ஜேடபிள்யூஎல் என்ற முத்திரை ஜப்பானிய அலாய் வீல் தரத்தைக் குறிப்பது. எந்தத் தர முத்திரையும் இல்லாத அலாயை விலை மலிவு என்று வாங்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் கேட்கலாமா

கேட்கலாம், ஒரே ஒரு ரிம்முக்கு என்றால் பெரும்பாலும் கட்டாது. 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு ஒவ்வொரு க்ளெய்முக்கும் முதல் 1000 ரூபாய் நம் கையிலிருந்து. அதற்கு மேலான இன்ஜினுக்கு 2000. அத்தோடு அடுத்த வருடத்து நோ க்ளெய்ம் போனஸ் போகும், அதாவது க்ளெய்ம் கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, அது 20-இல் தொடங்கி 50 சதவீதம் வரை இருக்கக் கூடியது. சாதாரண பாலிசியில் டயர் மட்டும் அடிபட்டால் பணம் கிடையாது. வண்டியும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதி. டயருக்கும் ரிம்முக்கும் தனியாக ஆட்-ஆன் எடுத்திருந்தால் அதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். ரிம்மோடு லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பர் என்று கீழ்ப்பக்கம் முழுக்க அடிபட்டிருந்தால் க்ளெய்ம் நிச்சயம் லாபம். அப்போது வண்டியை நகர்த்துவதற்கு முன் படம் எடுத்து, உடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

வீல் திரும்ப வந்த பிறகு

டயரை மாட்டும் முன் அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ரிம் மடங்கின இடத்துக்கு நேரே நூல் அறுந்த தடமோ மடிப்போ இருந்தால் அந்த டயர் வேண்டாம். வெளியே கொப்புளம் தெரியும் டயருக்குப் பழுதே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள், சின்னச் செலவு. மாட்டியதும் தண்ணீர்த் தொட்டியில் முழுக்கி இரண்டு நிமிடமாவது வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேலன்ஸ் போடும்போது மெஷின் எத்தனை கிராம் கேட்கிறது என்று கவனியுங்கள். சிறு காரின் வீல் ஒரே பக்கத்தில் 80, 100 கிராம் ஈயம் கேட்டால் இன்னும் கோட்டம் இருக்கிறது, அல்லது டயரில் குறை. ஈயம் எடையைத்தான் சமன் செய்யும், வட்டத்தைத் திருத்தாது. கோணல் வீலுக்கு ஈயத்தை அடுக்கி "ஜீரோ வந்துடுச்சு" என்று காட்டலாம், ரோட்டில் ஆடத்தான் செய்யும். டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிவிட்டு மறுபடி பேலன்ஸ் பார்த்தால் குறை டயரிலா ரிம்மிலா என்று தெரிந்துவிடும். வீலை வளைத்த அடி சஸ்பென்ஷன் வழியாகத்தான் போயிருக்கும், அதனால் அலைன்மென்ட்டும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். டை ராட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங் மூன்றையும் லிஃப்டில் ஏற்றி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நட்டுகளை ஏர் கன்னால் படபடவென்று முடுக்கவிடாதீர்கள். கையால் திருகி, நட்சத்திர வரிசையில், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலான சிறு கார்களுக்கு 85-லிருந்து 130 நியூட்டன் மீட்டருக்குள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.

பெரிய பெண்ட் எடுத்த வீல் அளவில் சரியாக வந்தாலும், ஸ்டெப்னியும் அதே அளவு அலாய் என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுங்கள். ஸ்டெப்னி சிறிய அளவு ஸ்டீல் டிஸ்க் என்றால் அதை நிரந்தரமாக ஓட்டாதீர்கள். சிறிய ஸ்டெப்னிகளில் அதிகபட்சம் 80 கிலோமீட்டர் வேகம் என்றே ஒட்டியிருப்பார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பில்லில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: எந்தப் பக்கத்து வீல், உள் உதடா வெளி உதடா, வேலைக்கு முன்னும் பின்னும் டயல் கேஜ் காட்டிய அளவு. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன், டயர் குளிராக இருக்கும்போதே காற்றைப் பார்த்து அந்த பில்லின் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் அதே கேஜால் மறுபடி பாருங்கள். இரண்டு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் பில்லோடு அதே கடைக்குத் திரும்பிப் போங்கள்.